பிளாட்போமில் பொம்பிளை பார்க்க வந்தவர்

இரண்டாவது மஞ்சள் சாறி ஸ்டேஷன் வாசலால் உள்ளே வந்தபோதே இன்றைக்குக் காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

முதலாவது மஞ்சள் சாறி என் பக்கத்தில் நின்றது. அதைக் கட்டியிருந்தவள் என் தங்கை வசந்தியின் மகள் தர்சினி. வவுனியாவில் இருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த நாள்முதல் வெள்ளவத்தையில் என்னோடுதான் இருக்கிறாள். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. வழக்கமாக அவள் வேலைக்குச் சாறி கட்டுகிறவள் அல்ல. குர்தாவும் ஜீன்ஸும்தான். அன்றைக்கு மட்டும் மாம்பழ மஞ்சளில் ஒரு சாறி, சிவப்புக் கரை வைத்தது, மடிப்புக் கலையாமல்.

காரணம் இருந்தது. டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்து வாங்கில், தர்சினிக்குப் பேசியிருந்த லண்டன் மாப்பிள்ளையின் தாய் வந்து உட்கார்ந்திருப்பார். புஷ்பம் அக்கா என்று பெயர். "மஞ்சள் சாறி கட்டின பிள்ளை, பெரியம்மாக்காரியோட நிக்கும்" என்று அவருக்குத் தகவல் போயிருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு வந்திருந்தது.

இரண்டாவது மஞ்சள் சாறியில் வந்தவள் மகேஸ்வரி, எங்கள் ரயில் சிநேகிதி. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கம்பஸ் முடித்து, கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை எடுத்தவள். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் அறை எடுத்து இருக்கிறாள். அரசாங்க வேலை என்பதால் தினமும் சாறிதான். நீலம், பச்சை, மண்ணிறம் என்று மாறி மாறி வரும். அன்றைக்குப் பார்த்து மஞ்சள்.

"என்னங்கக்கா, இன்னைக்கு ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே கலரு" என்று சிரித்துக்கொண்டு வந்து தர்சியின் மறுபக்கத்தில் நின்றாள்.

"பிள்ளை, நீர் கொஞ்சம் முன்னுக்குப் போய் நில்லுமன். முன்பெட்டியில இடம் இருக்கும்" என்றேன்.

"இடமெல்லாம் வேணாங்க்கா. நான் உங்களோடயே ஏறிக்கிறேன்."

நான் இதற்கு மேல் என்ன சொல்ல? நீ போ, இங்கே ஒரு கலியாண விஷயம் நடக்கிறது என்று சொல்லலாமா? தர்சிக்கே இது தெரியாது என்பதுதான் ஏற்பாடு. தர்சிக்கு எல்லாம் தெரியும் என்பது வேறு விஷயம். தெரியாதவளா விடியற்காலையில் எழும்பிச் சாறிக்கு அயர்ன் போட்டாள்?

ஹோல் இல்லாத ஊர்

வெளியூரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் கேட்கக்கூடும், ஒரு பெண்ணைப் பார்ப்பதற்கு உலகத்தில் வேறு இடமே இல்லையா என்று. இருக்கிறது. ஆனால் வெள்ளவத்தைக்காரருக்கு ஸ்டேஷன் போல ஒன்று கிடையாது.

எங்கள் ஃபிளாட்டுகளில் வந்தவர்களை இருத்திக் கதைக்க ஹோல் என்று ஒன்று பெயருக்குத்தான் இருக்கும். ஒரு சோபாவைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. அதனால் வெள்ளவத்தைத் தமிழர் தங்கள் ஹோலைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்துவிட்டார்கள். யாழ்ப்பாண பஸ்ஸில் முருங்கைக்காய் வந்திருக்கிறதா, யாருக்கு விசா சரிவந்தது, யாருக்குச் சரிவரவில்லை, எந்த மாடியில் ஃபிளாட் வாடகைக்கு இருக்கிறது, எந்தக் கெமிஸ்ட்ரி மாஸ்டரின் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று எல்லாம் பிளாட்போமில்தான் பேசி முடிவாகும். கனடாவுக்குப் போன் எடுத்துக் கத்துகிறவர்களும் அங்கேதான் வருவார்கள். பின்னால் கடல் இரைகிறது, அதனால் தங்கள் சத்தம் யாருக்கும் கேட்காது என்று ஒரு நம்பிக்கை. எல்லோருக்கும் கேட்கும். போன வருஷம் ஒரு குடும்பத்தின் காணிப் பிரச்சினை முழுவதையும் நான் ரயிலுக்குக் காத்திருந்தபடியே கேட்டு முடித்தேன். மூத்தவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

மனிதருக்கு ரயிலில் ஏறத்தான் ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டு ஒழுங்காகச் சீசன் டிக்கெட் எடுத்துப் போய்வருகிற என் போன்றவர்களுக்கு இது பெரிய உபத்திரவம். ரயில் வந்து நிற்கும்போது கதவுக்கு நேரே நான்கு பேர் நின்று யாருடைய வீட்டிலோ பிறந்த பேரனுக்கு முப்பத்தோராம் நாள் தொடக்குக் கழிவு பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஏறவும் மாட்டார்கள், ஏறுகிறவர்களுக்கு வழிவிடவும் மாட்டார்கள். உள்ளே இருந்து ஒரு சிங்களப் பெடியன் "பொட்டக் இஸ்ஸரஹட யன்ன", கொஞ்சம் முன்னுக்குப் போங்கள் என்று கத்துவான். அதற்கும் அசையாமல் "ஓம் தம்பி, ஓம்" என்று தமிழில் தலையாட்டுவார்கள்.

கடற்காற்று மறைக்காது

பெண் பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

முறையாக வீட்டுக்கு வந்து பார்த்தால் அது ஒரு பெரிய காரியம். பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் முகம் பார்க்க முடியாமல் போய்விடும். அதனால் முதலில் மறைவாக ஒரு தரம் பார்த்துக்கொள்வது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். முன்பு கோயிலில் பார்த்தார்கள். கோயிலில் ஒரு வில்லங்கம் உண்டு. அங்கே எல்லாப் பெண்களும் குனிந்த தலையோடு மெதுவாகத்தான் நடப்பார்கள். எந்தச் சண்டைக்காரியும் சந்நிதியில் சாந்தமாகவே தெரிவாள்.

ஸ்டேஷன் அப்படியல்ல. அங்கே ஒரு பெண் படி ஏறுகிறாள், ஓடுகிறாள், நெரிசலில் இடிபடுகிறாள், இடித்தவனைத் திரும்பிப் பார்க்கிறாள். கை கால் சுகம், கண் பார்வை, குணம், குரல் எல்லாம் ஐந்து நிமிடத்தில் வெளிச்சம். மாப்பிள்ளைகளுக்கும் அதே சோதனைதான். பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் கொடுக்கிறானா, பிளாட்போமின் கடைசித் தொங்கலில் போய் நின்று சிகரெட் பிடிக்கிறானா, ஜன்னலுக்குள்ளால் பையை எறிந்து இடம் பிடிக்கிறானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

நான் தினமும் அந்த ரயிலில் போகிறவள் என்பது உலகத்துக்கே தெரிந்துபோனதால் வந்தது வினை. நோர்வேயில் இருந்தும் ஸ்காபரோவில் இருந்தும் போனில் படம் வரும். "அக்கா, இந்தப் பெடியன் உங்கட ரெயினிலதான் போறவராம், ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ." பார்த்துச் சொன்னால் சம்பளமா தருகிறார்கள்? ஒரு நன்றியும் கிடையாது. ஒரு முறை ஒரு மாப்பிள்ளைக்குத் தலையில் மயிர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். ஆள் எப்போதும் தொப்பியோடுதான் படம் எடுக்கிறாராம். நான் ஒன்றும் செய்யத் தேவை இருக்கவில்லை. வெள்ளவத்தை ஸ்டேஷனில் கடற்காற்று ஒரு நிமிடம் அடித்தது, தொப்பி தண்டவாளத்துக்குப் போனது, நான் நோர்வேக்கு விஷயத்தை எழுதினேன். கலியாணம் நடந்தது. மயிர் இல்லாவிட்டால் என்ன, பெர்மனன்ட் விசா இருக்கிறதே என்றார்கள். அப்படியென்றால் என்னை ஏன் அலைக்கழித்தார்கள்?

ஆனால் தர்சியின் விஷயத்தில் எனக்கு அப்படி அலுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. சாதகம், செவ்வாய், நிறம், உயரம் என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொல்லிப் போனார்கள். ஒவ்வொரு முறையும் அவள் ஒன்றும் நடக்காதது போல மறுநாள் வேலைக்குப் போனாள். இந்த முறைதான், கோகுலன் என்ற இந்த லண்டன்காரனோடு வீடியோவில் கதைக்கத் தொடங்கிய பிறகு, அவள் இரவுச் சாப்பாட்டுக்குச் சிரித்த முகத்தோடு வந்தாள். "நல்லாக் கதைக்கிறார் பெரியம்மா. கேக்கவும் தெரியுது" என்றாள். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. அம்மா ஒரு தரம் நேரில் பார்த்துச் சரி சொன்னால் போதும் என்று அவன் சொல்லியிருந்தான். ஆகவே அந்தக் காலையில் பிளாட்போமில் நின்றது வெறும் சாறி அல்ல. அவளுடைய ஆசை முழுவதும் அங்கே நின்றது.

களை

அன்று பின்னேரமே புஷ்பம் அக்காவின் போன் வந்தது. நான் குசினியில் நின்றதால் ஸ்பீக்கரில் போட்டேன். தர்சி மேசையடியில் இருந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள், காது முழுவதும் போனில்.

"தங்கச்சி, எனக்குப் பிள்ளையை நல்லாப் பிடிச்சுக்கொண்டுது."

தர்சியின் கத்தி நின்றது. நான் அவளைப் பார்த்தேன். அவள் குனிந்துகொண்டாள், ஆனால் காதுவரை சிரிப்பு.

"படத்தில பாத்ததை விட நேரில எவ்வளவு வடிவு" என்றார் புஷ்பம் அக்கா.

அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அவருக்கு அனுப்பிய படம் ஒரு கலியாண வீட்டில் எடுத்தது. அழகுநிலையக்காரி முகத்தில் பூசியிருந்த பூச்சில், அந்தப் படத்தை வைத்துத் தேடினால் நானே தர்சியைக் கண்டுபிடிக்கமாட்டேன். வேண்டாம், சாதாரணப் படம் ஒன்றை அனுப்பு என்று வசந்தியிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

"நல்ல குடும்பத்துப் பிள்ளை எண்டது முகத்திலேயே தெரியுது. அந்தக் களை லேசில வராது, தங்கச்சி. பரம்பரையா வாறது. சிரிக்கேக்க கன்னத்தில குழி வேற. அந்தச் சின்ன மூக்குத்தியும் என்ன எடுப்பா இருக்கு."

தர்சியின் கை தன்னையறியாமல் மூக்குக்குப் போனது. அவளுக்கு மூக்கே குத்தவில்லை. கன்னத்தில் குழியும் கிடையாது.

புஷ்பம் அக்கா நிறுத்தவில்லை. நாளைக்கு விட்டு நாளையண்டைக்குக் காலையில் இன்னொரு தரம் ஸ்டேஷனுக்கு வருவாராம், பிள்ளையோடு நேரே இரண்டு வார்த்தை கதைத்துவிட்டால் அடுத்த கிழமையே முறைப்படி வீட்டுக்கு வருவார்களாம். நான் ஓம், ஓம் என்று சொல்லி வைத்தேன்.

"அது மகேஸ், பெரியம்மா" என்றாள் தர்சி.

பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? ஆனால் கொஞ்ச நேரத்தில் அவள் போஞ்சியை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் பின்னாலே போனேன். கட்டிலில் இருந்தபடி சொன்னாள்:

"நான் அவவின்ர கண்ணுக்கு முன்னாலதானே நிண்டனான். நான் நிண்டதே அவவுக்குத் தெரியேல்லை."

எனக்கு அந்த வார்த்தை நெஞ்சில் குத்தியது. இவ்வளவு நாளும் வேண்டாம் என்றவர்களாவது அவளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள்.

இரவு வசந்திக்கு விஷயத்தைச் சொன்னேன். சொன்னதுதான் பிழை.

"அக்கா, நீங்கள் தயவுசெய்து ஒண்டும் கதைக்காதேங்கோ" என்றாள். "அவவுக்குப் பிடிச்சிட்டுது எண்டால் பிடிச்சதாவே இருக்கட்டும்."

"ஆரைப் பிடிச்சது, வசந்தி? உன்ர மகளையா?"

"வீட்டுக்கு வந்து பாக்கேக்க மேக்கப் இல்லாம இருக்கிறா எண்டு நினைப்பினம். ஒரு மூக்குத்தியைப் போட்டுவிட்டாச் சரி."

அழுத்துகிற மூக்குத்தி ஒன்று கோல் ரோட்டு நகைக்கடையில் கிடைக்குமாம், வாங்கிவைக்கச் சொன்னாள். கன்னத்துக் குழிக்கு எந்தக் கடைக்குப் போவது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

நானே புஷ்பம் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். தர்சி மறித்தாள். "நேரில நானே சொல்லுறன் பெரியம்மா. தாய் ஆளை மாறிப் பாத்ததுக்கு அவர் என்ன செய்யிறது? சொன்னால் விளங்கிக்கொள்ளுவினம்" என்றாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையைப் பார்த்து நான் எடுத்த போனைத் திரும்ப வைத்தேன்.

வாயைத் திறந்ததும்

சொன்னபடி புஷ்பம் அக்கா வந்தார். நாங்கள் வாசலால் உள்ளே போகும்போதே பிளாட்போமில் அவரைக் கண்டேன். நல்ல பட்டுச் சாறி, கையில் வாழையிலையில் சுற்றிய சிறு பொட்டலம். மகேஸ் எங்களுக்கு முன்பே வந்து வழக்கமான இடத்தில் நின்றாள். அன்றைக்கு மண்ணிறச் சாறி.

தர்சி எட்டி நடந்தாள். ஆனால் நாங்கள் கிட்டப் போவதற்குள் புஷ்பம் அக்கா நேரே மகேஸிடம் போய், கேள்வி இல்லை, ஒன்றும் இல்லை, அவளை ஒரு பக்கமாகத் திருப்பிப் பொட்டலத்தைப் பிரித்து மல்லிகைப் பூவை அவள் பின்னலில் வைத்து ஊசியால் குத்திவிட்டார். கொண்டை ஊசியும் கொண்டு வந்திருக்கிறார் பாருங்கள், என்ன ஆயத்தம். மகேஸ் பாவம், யாரோ வயதான அம்மா, கோயில் பூவாக்கும் என்று நினைத்துத் தலையைக் குனிந்து நின்றாள்.

புஷ்பம் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஆரெண்டு தெரியுதே, பிள்ளை?"

"தெரியலைங்களேம்மா" என்றாள் மகேஸ். "எனக்கு எதுக்குங்க பூவெல்லாம்?"

எங்கள் பக்கத்துப் பேச்சு அல்ல, மலையகப் பேச்சு என்று தெரிய அந்த இரண்டு வசனம் போதுமாக இருந்தது. புஷ்பம் அக்காவின் முகம் மாறியதை நான் கண்ணால் கண்டேன். கையை மட்டும் இன்னும் விடவில்லை.

"பிள்ளை எந்த ஊர்?"

"ஹட்டன் பக்கமுங்க."

"அப்பா அங்க படிப்பிக்கிறவரோ?"

"இல்லைங்கம்மா. அப்பா அம்மா ரெண்டு பேரும் தோட்டத்துல வேலைங்க."

கை விடுபட்டது. விட்ட கையைத் தன் சாறித் தலைப்பில் துடைத்தாரா, அல்லது தலைப்பைச் சரிசெய்தாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. துடைத்தார் என்றுதான் என் கோபம் சொல்கிறது.

"அன்ரி, நான்தான் தர்சினி" என்றாள் தர்சி. "அண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் மஞ்சள் சாறி. உங்களுக்கு மாறிப் போச்சு."

புஷ்பம் அக்கா அவளை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மகேஸ் அங்கே நிற்கிறாள் என்ற எண்ணமே இல்லாமல் சொன்னார்:

"அதுதானே. நானும் அண்டைக்கே பாத்தனான், ஏதோ ஒரு மாதிரிக் கிடக்கெண்டு."

பரம்பரைக் களை, தங்கச்சி, லேசில வராது. என் குசினியில் இன்னும் அந்தக் குரலின் சூடு ஆறவில்லை. எனக்கு வாய்வரை வந்தது. தர்சியின் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். இது அவளுடைய காரியம், என் வாயால் கெட்டுப்போனது என்று இருக்கக்கூடாது.

"நீரும் வடிவுதான், பிள்ளை" என்றார் அவர் தர்சியிடம். அந்த 'உம்' எனக்கு நன்றாகக் கேட்டது. "பூ ஒண்டுதான் வாங்கினனான்."

மகேஸ் பின்னலுக்குக் கையைக் கொண்டுபோய் ஊசியைக் கழற்றப் பார்த்தாள். "இந்தாங்க தர்சி, இது உங்களுக்கு..."

தர்சி அவள் கையைப் பிடித்தாள். "கழட்டாதேங்கோ. உங்களுக்கு நல்லா இருக்கு."

ரயில் வந்து நின்றது. நான் புஷ்பம் அக்காவிடம் போய்வருகிறோம் என்று சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை.

ரயிலுக்குள்ளே

ரயிலில் இருக்க இடம் கிடையாது. கதவுப் பக்கம் மூன்று பேரும் நெருக்கி நின்றோம். கடல் பக்கத்துக் காற்றில் மல்லிகை வாசம் பெட்டி முழுவதும் அடித்தது. பம்பலப்பிட்டி தாண்டியது.

"அக்கா, அந்தம்மா பொண்ணு பாக்க வந்தவங்களா?" என்று மகேஸ் கேட்டாள்.

"ஓம், பிள்ளை."

"தர்சியப் பாக்கிறதுக்கு வந்து என்னையப் பாத்துட்டாங்களா?"

"ஓம்."

அவள் சிரித்தாள். குழி விழுந்தது. "எங்க வீட்டுல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. யாழ்ப்பாணத்துச் சம்பந்தம் ஒன்னு வந்துச்சு, ரெண்டு நாள் இருந்துச்சுன்னு."

நான் சிரிக்கப் போனேன், முடியவில்லை. தர்சிக்கும் முடியவில்லை. மகேஸ் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "விடுங்கக்கா, இதெல்லாம் புதுசா என்ன? ரூம் தேடுறப்பவும் இப்படித்தான். போன்ல ரூம் இருக்குன்னுவாங்க, ஊரு எதுன்னு கேட்டதும் நேத்துத்தான் குடுத்துட்டோம்னுவாங்க" என்றாள்.

எங்கள் ஒழுங்கைகளில்தான் அவள் அந்த அறையைத் தேடியிருக்கிறாள். எங்கள் ஆட்கள்தான் நேற்றுக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரே ரயிலில் இவ்வளவு காலம் போகிறோம், இதை அவள் ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எப்போதும் போலக் கோபமும் வந்தது. ஆனால் யாரைப் பிடித்துத் திட்டுவது என்று தெரியவில்லை.

அவன் கேட்டது

அன்று பின்னேரம் வசந்தியின் போன். குரலில் திருவிழா. "அக்கா, அவ ஓம் எண்டிட்டா. பிள்ளை பரவாயில்லை, மகனுக்குப் பிடிச்சால் சரி எண்டு சொல்லிப்போட்டா. அடுத்த கிழமை வருவினம். நான் நாளைக்கே வெளிக்கிடுறன். கேசரிக்கு றவை வாங்கி வையுங்கோ."

பரவாயில்லையாம். என் வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு, சொந்த உழைப்பில் நிற்கிற பிள்ளைக்கு, பரவாயில்லை என்று ஒரு சான்றிதழ். அதற்குக் கேசரி வேறு. நான் றவை இருக்கிறதா என்று தகரத்தைத் திறந்து பார்த்தேன். இருந்தது. இல்லாமல் இருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு கோகுலன் போன் எடுத்தான். தர்சி பல்கனிக்குப் போய்க் கதைத்தாள். எங்கள் பல்கனிக் கதவு முழுதாகச் சாத்தாது, அதனால் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவள் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். மஞ்சள் சாறி, மூக்குத்தி, மல்லிகைப் பூ, ஹட்டன், கை விடுபட்டது, ஏதோ ஒரு மாதிரிக் கிடக்கு என்று தாய் சொன்னது. குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல. எனக்கு இது கஷ்டமாக இருந்தது, உங்களுக்கும் இருக்கும்தானே என்று கேட்கிற குரலில் சொன்னாள். மகேஸுக்கு ரூம் கொடுக்காத கதையையும் சொன்னாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். கேட்கத் தெரிந்தவன் என்று அவளே சொன்ன ஆள் அல்லவா, நானும் காத்திருந்தேன். அம்மா அப்படிச் சொன்னது பிழை என்று ஒரு வார்த்தை. நான் கதைக்கிறேன் என்று ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றால் நான் அந்த இடத்திலேயே றவையை வறுக்கத் தொடங்கியிருப்பேன். புஷ்பம் அக்காவையும் மன்னித்திருப்பேன். அவ்வளவுதான் தேவையாக இருந்தது.

அந்தப் பக்கம் அவன் என்னவோ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. தர்சி மெதுவாக ஏதோ சொல்லிப் போனை வைத்தாள். உள்ளே வந்து மேசையடியில் இருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"நீர் ஏன் அவளுக்குப் பக்கத்தில போய் நிண்டனீர் எண்டு கேக்கிறார்."

குசினியில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாததால் நான் அப்படியே நின்றேன்.

"நீ என்ன சொன்னனீ?"

"நாளைக்கும் அங்கதான் நிப்பன் எண்டு சொன்னனான்."

அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. றவைத் தகரத்தை எடுத்து மேல் தட்டில் திரும்ப வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வவுனியாவில் இருந்து வசந்தியின் போன் அடிக்கத் தொடங்கியது. நின்றது, மறுபடியும் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் இருந்து சாப்பிட்டோம். ஒருவரும் எடுக்கவில்லை.